அரியலூர்ப் பாறைகளும் தமிழ்ச் சொற்களும்

அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் சில பகுதிகள் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலால் மூடப்பட்டிருந்தன. அக்காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. அக்கடல்வாழ் உயிர்களின் எச்சங்களை அரியலூரை அடுத்த வாரணவாசி என்னும் சிற்றூரிலுள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். நிலவியல் மாணவர்க்கேயன்றித் தமிழ் பயில்வார்க்கும் ஆராயத்தக்கன ஆங்கு உள. அவற்றுள் ஊர்ப்பெயர், கலைச்சொல் ஆகிய இரண்டனையும் ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் ஊர்ப்பெயர். கேய், கன்லிஃப் என்னும் இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விளக்கியுரைத்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவ்வாய்வு 1862-இல் வெளிவந்தது. பின்வந்தோர் காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, கல்லமேடு முதலிய பெயர்களை உட்பிரிவுகட்கு இட்டனர். இங்ஙனம் நம் சிற்றூர்ப் பெயர்கள் நிலவியலார்தம் கலைச்சொற்களாயின. ஆயின், அவை அயல்மொழி எழுத்தில் உருத்திரிந்து வழங்குகின்றன. அத்திரிபினின்று மீளவும் ஒலிபெயர்த்தெழுதின், ஊட்டத்தூர் 'ஊட்டாட்டூர்' ஆகிவிடும். ஊரார் வழங்கும் வடிவையே எழுதுதல் முறை.

இனிக் கலைச்சொல். 'புதைபடிவம்' என்பது பொதுப்பெயர். அதனுள் அடங்குவன பலவகைப்படும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. இதனை 1940-இல் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். மண்ணுட் புதைந்த மரத்தினுள் நீரிற் கரைந்த சிலிக்கா ஊடுருவிப் படிந்தமையால் மரம் கல்லாயிற்று. 'கல்மரம்' என்னும் வழக்குச் சொல் இம்மாற்றத்தைச் செவ்விதின் உணர்த்துகின்றது.

சுருள்வடிவான அம்மோனைட்டின் இயல்பு வேறு. கண்டகியாற்றுச் சாளக்கிராமங்கள் பலவற்றிற் காணப்படும் சுருளும் இவ்வுயிரினத்தின் பதிவேயாம். ஓட்டினுள் நிறைந்த சேறு இறுகியபின் ஓடு கரைந்தொழியின் எஞ்சுவது உள்வார்ப்பு. ஓட்டின் புறத்தே சூழ்ந்த பாறையிற் பதிந்த குழிவு அச்சு. உயிர்கள் ஊர்ந்தும் துளைத்தும் சென்ற தடம் சுவடு எனப்படும். இவையனைத்தையும் ஒரே சொல்லாற் குறிப்பின், காண்பார் உடலையும் அதன் பதிவையும் வேறுபடுத்தி அறியார்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் அமைவதன்று. 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் கல்லமேட்டுப் பாறையிற் கிடைத்த மாபெரும் எலும்புகளைக் கொண்டு பிருகத்காயோசாரஸ் என்னும் விலங்கினத்தை விளக்கினர். 'பேருடற் பல்லி' என்பது அப்பெயர்ப் பொருள். அவ்வெலும்புகள் பின்னர்ச் சிதைந்தழிந்தன. இன்று அவ்விலங்கின் இனமும் அளவும் பற்றி ஆராய்வார்க்கு எழுத்து விளக்கமும் படங்களுமே சான்றாகின்றன. மூலச்சுவடி அழிந்தவழிப் படியையே நம்பும் பதிப்பாசிரியர் நிலையை ஒத்தது இது.

அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகள் சிமெண்டுத் தொழிலுக்காக அகழப்படுகின்றன. பாறை நீங்கியபின் எஞ்சுவன அருங்காட்சியகப் பொருளும் அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புமே. ஆதலின், அக்குறிப்பைச் செம்மையுற எழுதும் பணியில் நிலவியலாரொடு தமிழறிஞரும் கூடியிருத்தல் இன்றியமையாதது என்க.