கனியால் அறிவோம் காந்தளை

ஆண்டவர் இயேசு தம் மலைப்பொழிவில் செடிகொடிகளைக் காட்டி இரு பாடங்களைப் புகட்டுகிறார். மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், காட்டு மலர்களை நோக்கி வீண் கவலையை விடச் சொல்கிறார். 7ஆம் அதிகாரத்தில், மரத்தை அதன் கனியால் அறியச் சொல்கிறார். முன்னது நம்பிக்கைப் பாடம். பின்னது விவேகப் பாடம். இவ்விரண்டையும் ஒரே கொடியில் கற்க விரும்புவோர், நம் நாஞ்சில் நாட்டு மலையடிவாரங்களில் படரும் செங்காந்தளை நோக்குதல் போதும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன மலர்களுள் முதலாவது காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு எனப் பல பெயர்கள் இதற்குண்டு. மலையாளத்தார் மேந்தோன்னி என்பர். மழைக்காலத்தில் வேலியிலும் புதரிலும் தளிர்த்து ஏறும். அடியில் மஞ்சளும் மேலே செம்மையுமாக, ஆறு இதழ்களும் நெளிந்து தீச்சுடர்போல் நிமிர்ந்து நிற்கும். சாலமோன் அரசருக்கும் வாய்க்காத இவ்வழகைப் படைத்தவர் நம் வானகத் தந்தையே.

ஆயினும் இக்கொடியின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு அடங்கியுள்ளது. காச்சிலும் சேனையும் மரச்சீனியும் உண்டு வளர்ந்தவர்கள் நாம். காட்டில் தோண்டிய கிழங்கையும் வள்ளிக்கிழங்கென்று எண்ணி அடுப்பிலேற்றுவோர் உளர். இலங்கையில் அவ்வாறு மயங்கிக் காந்தள் கிழங்கை உண்டு துன்புற்றோரையும் மாண்டோரையும் குறித்து மருத்துவர்கள் எழுதிவைத்துள்ளனர். சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சலும் வாந்தியும் கடும் பேதியும் தோன்றும். பிழைத்தவர்க்கும் ஓரிரு வாரங்களில் தலைமயிர் உதிர்வதுண்டு.

மலரைக் கண்டவர் ஏமாறமாட்டார். மலரோ சில நாள்களே நிற்கும். அதன்பின் காட்டிக்கொடுப்பவை இலையும் கனியுமே.

முதலில் இலை. காந்தளின் இலை காம்பின்றித் தண்டோடு ஒட்டி, ஈட்டிபோல் நீண்டிருக்கும். நரம்புகள் இணைகோடுகளாக ஓடும். இலையின் நுனியே சுருண்டு, பற்றுக்கம்பியாகி, அருகிலுள்ள கிளையைப் பிடித்துக்கொள்ளும். வள்ளிக்கொடிக்கு இத்தகைய சுருள் நுனி கிடையாது. அதன் தண்டே சுற்றி ஏறும். இலைக்குக் காம்பு உண்டு. இலை பெரும்பாலும் இதய வடிவாகவோ, விரல்கள்போல் பிரிந்தோ இருக்கும்.

அடுத்துக் கனி. காந்தளின் காய் நீள்சதுரமாய்ப் பச்சை நிறத்தில் தொங்கும். முற்றியதும் மூன்றாக வெடிக்கும். உள்ளே செம்மணிபோன்ற உருண்டை விதைகள் வரிசையாக இருக்கும். சிறுவர் வாயிலிடத் தூண்டும் நிறம் அது! வள்ளிக் காயோ மூன்று சிறகுகள் கொண்டது. உலர்ந்தால் காகிதம்போல் சலசலக்கும். நீலகிரி, பழனி மலைகளில் வெண்ணிறக் குழல்போல் பூக்கும் மலை லில்லியின் இலைக்கும் சுருள் நுனி இல்லை. நிமிர்ந்து நிற்கும் அதன் காயில் மெல்லிய தட்டை விதைகள் அடுக்கப்பட்டிருக்கும்.

பழனி மலைத் தாவரங்களை ஆராய்ந்து 1999இல் பெருநூல் வெளியிட்ட இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளாரை இங்கு நினைவுகூர்தல் தகும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரக் காப்பகத்தை 1967இல் நிறுவியவர் அவர். படைப்பை நுணுகி நோக்குவதும் படைத்தவரைப் போற்றும் வழியே.

மழை ஓய்ந்தபின் கொடி முழுதும் காய்ந்து மடியும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அப்போது இலையும் கனியும் சான்று கூறா. கலப்பைபோல் இரு கிளையாக வளைந்த கிழங்கு கிடைத்தால் தொடாதீர்கள். அடையாளம் அறியாத எக்கிழங்கையும் உண்ணாதிருத்தலே விவேகம். தவறி உண்டவரைக் கைவைத்தியத்தில் காலம் கடத்தாது, எஞ்சிய கிழங்கோடு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்க.

காந்தளைப் பகைக்கவும் வேண்டா. கீல்வாதத்தின் ஒருவகைக்கு, மருத்துவர் அளந்து தரும் கோல்ச்சிசின் மருந்தாகிறது. அதற்காகவே தமிழ்நாட்டு உழவர் இதனைப் பயிரிட்டு விதை சேகரிக்கின்றனர். இறைவன் படைத்தது நன்றே. அதனை அறிந்து பயன்கொள்ளும் கடமை நம்முடையது.

பெற்றோரே, வரும் மழைக்காலத்தில் உங்கள் பிள்ளைகளை வேலியோரம் அழைத்துச் சென்று அந்தச் சுருண்ட இலை நுனியைக் காட்டுங்கள். மாப்பிள்ளை தேடும்போதும், நண்பரைத் தெரியும்போதும், இனிய சொல்லோடு வரும் போதகரைக் கேட்கும்போதும், மலரோடு நில்லாமல் கனியையும் பார்க்க அவர்கள் அன்றே கற்றுக்கொள்வார்கள்.