ஒரு பிள்ளைப் பருவத்தைப் படமாக்கும் கலை

ஒருவரைப் பற்றிய ஆவணப்படம் பெரும்பாலும் பிறந்த ஊர், படிப்பு, சாதனை, விருது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். கவித்துவ ஆவணப்படம் அந்த வரிசைக்குக் கட்டுப்படுவதில்லை. நடந்தவை ஒரு மனத்தில் எப்படிப் படிந்தன, அந்த மனிதரை எப்படி உருவாக்கின என்பதையே அது தேடிப் போகிறது.

பிரெஞ்சு இயக்குநர் ஆக்னெஸ் வர்தா 1991இல் வெளியிட்ட ‘ழாக்கோ தெ நாந்த்’ இவ்வகையில் தனித்து நிற்கும் படம். அவருடைய கணவரும் இயக்குநருமான ழாக் தெமியின் பிள்ளைப் பருவமே அதன் பொருள். வசனம் முழுவதையும் பாட்டாகவே அமைத்து 1964இல் ‘செர்பூர்க்கின் குடைகள்’ படத்தை எடுத்தவர் தெமி. கடும் நோயில் இருந்த நாள்களில் அவர் தம் இளமை நினைவுகளை எழுதிவந்தார். அந்தப் பக்கங்களைப் படமாக்கும் பொறுப்பை வர்தா எடுத்துக்கொண்டார்.

நினைவு எழுத்தாக இருக்கும்வரை அதற்கு உருவம் இல்லை. இடமும் பொருள்களும் கிடைத்த பிறகே அது காட்சியாகும். தெமி வளர்ந்தது நாந்த் நகரில். தந்தை கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார், தாய் சிகை அலங்காரத் தொழில் செய்தார். செட் போடாமல் அதே ஒர்க்‌ஷாப்பிலேயே வர்தா படப்பிடிப்பை நடத்தினார். வளரும் பருவங்களுக்கு ஏற்ப மூன்று பேர் தெமியாக நடித்தார்கள். அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் ஓடுகிறது. பொம்மலாட்டம், மேடைக் காட்சி போலச் சிறுவனை மயக்கியவை வரும்போது திரையில் வண்ணம் பாய்கிறது. அவனுடைய ஆசை எங்கே இருக்கிறது என்று வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த நடிப்புக் காட்சிகளுக்கு இடையே தெமியின் பிற்காலப் படங்களிலிருந்து துணுக்குகள் வருகின்றன. சுட்டுவிரல் நீட்டிய ஒரு கை திரையில் தோன்றி வழிகாட்ட, தந்தையின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ‘குடைகள்’ நாயகனான மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்புக்குப் படம் தாவுகிறது. படத்தொகுப்பின் இந்த ஒரு வெட்டு, பக்கம் பக்கமாக எழுதினாலும் சொல்லிவிட முடியாத உறவைக் காட்டிவிடுகிறது.

ஆளுமை துலங்குவது சிறுவனின் கைவேலையில்தான். 1943 செப்டம்பரில் நாந்த் மீது குண்டுகள் விழுந்தன. பழைய படச்சுருளை வெந்நீரில் ஊறவைத்து மேற்பூச்சைக் கழுவிவிட்டு, வெறும் சுருளில் கட்டம் கட்டமாகக் கையால் வரைந்து, பாலம் ஒன்று குண்டுவீச்சில் தகரும் படத்தை அவன் செய்கிறான். பயம், பிடிவாதம், விளையாட்டு மூன்றும் அந்தச் சின்னச் சுருளில் சேர்ந்திருக்கின்றன. ‘அவர் விடாமுயற்சி உள்ளவர்’ என்று பின்னணிக் குரல் சொல்லியிருந்தால் இதில் பாதி வலுவும் இருந்திருக்காது.

நடிப்புக் காட்சிகள், படத் துணுக்குகள் இரண்டோடும் சேரும் மூன்றாவது இழை தெமியே. நரைத்த முடி, கண், கை, தோலில் உள்ள புள்ளிகள் என்று கேமரா அவர் உடல்மீது மிக அருகில், மெதுவாக நகர்கிறது. பேட்டிகளில் கிடைக்காத நெருக்கம் இது. நோயுற்ற உடலைக் காட்டுவது எளிதில் அத்துமீறலாகிவிடும். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், பார்ப்பவர் மனைவி, பார்க்கப்படுபவர் அதற்கு இசைந்தவர். யாரைப் பற்றி இத்தகைய படம் எடுத்தாலும் இந்த இசைவு வேண்டும்.

படப்பிடிப்பு முடிந்த சிறிது காலத்திலேயே, 1990 அக்டோபர் 27 அன்று தெமி காலமானார். அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே படம் திரையிடப்பட்டது. தெமியின் திரைப்பணியை, அவருடன் வேலை செய்தவர்களின் பேச்சு வழியாகச் சொல்ல வர்தா 1995இல் ‘ழாக் தெமியின் உலகம்’ என்று வேறொரு படமே எடுத்தார். முந்தைய படத்தில் அந்தத் தகவல்களையெல்லாம் திணிக்காமல் விட்டதால்தான் அதில் சிறுவனுக்கு இடம் கிடைத்தது.