பூனை நடந்தால் வீடு சுத்தம்! ஜப்பான்காரரின் விநோத 'துடைப்ப செருப்பு'

காலையில் எழுந்தால் பெருக்கணும், துடைக்கணும். 'இடுப்பு ஒடியுது' என்று அலுத்துக்கொள்ளாத இல்லத்தரசிகள் இல்லை. வீட்டில் சும்மா சுற்றித் திரியும் பூனையிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் என்ன?

இப்படி ஒரு பொருளை உலகத்துக்கு காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த கெஞ்சி கவாகாமி. பூனைகளுக்கான துடைப்ப செருப்புதான் அது!

பார்ப்பதற்கு குட்டி குட்டி 'மாப்' மாதிரி இருக்கும். மொத்தம் 4. பூனையின் 4 காலிலும் மாட்டி விட வேண்டும். அடியில் உள்ள குஞ்சம் தரையில் உரசி தூசியை இழுத்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு பின்னால் என்று நம்ம கை எட்டாத இடத்துக்கெல்லாம் பூனை போய் வரும். அவ்வளவுதான், வேலை முடிஞ்சது!

கேட்க நல்லாத்தான் இருக்கு. நடக்குமா?

பிராண்டல்தான் மிச்சம்

பூனைக்கு பாதம் ரொம்ப முக்கியம். அதற்கு வியர்ப்பதே பாதத்தில்தான். தாவுவதற்கும் ஏறுவதற்கும் நகம் வேண்டும். காலில் ஏதாவது ஒட்டினாலே உதறும் பிராணி, செருப்பு மாட்டினால் சும்மா இருக்குமா?

பூனையை துரத்திப் பிடித்து, 4 செருப்பையும் மாட்டி, கையில் பிராண்டல் வாங்கி முடிப்பதற்குள் 2 ரூமை நாமே பெருக்கி விடலாம். போதாக்குறைக்கு பூனை உதிர்க்கும் முடியை யார் பெருக்குவது?

இது கவாகாமிக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

விற்கக்கூடாது!

இந்த மாதிரி பொருட்களுக்கு ஜப்பானில் 'சிண்டோகு' என்று பெயர். 'விநோத கருவி' என்று அர்த்தம். 1980களில், தபாலில் பொருள் வாங்குவோருக்கான பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தார் கவாகாமி. மீதமிருந்த பக்கங்களில், யாரும் வாங்கவே முடியாத பொருட்களின் படங்களை போட்டார். வாசகர்களுக்கு பிடித்துப் போனது.

1995ல் இதுபோன்ற 101 பொருட்களுடன் ஆங்கிலத்தில் புத்தகமே வந்தது. சூடான நூடுல்சை ஆற வைக்க குச்சியில் குட்டி பேன், மூக்கு ஒழுகுபவர்கள் தலையில் மாட்டிக்கொள்ள டிஷ்யூ ரோல்... இப்படி போகும் ஐட்டங்கள்.

சிண்டோகுவுக்கு 10 விதிகள் உண்டு. பொருளை நிஜமாகவே செய்து காட்ட வேண்டும். காப்புரிமை வாங்கக்கூடாது. முக்கியமாக, விற்கக்கூடாது.

ஏன்? எல்லாவற்றையும் சரக்காக்கி தலையில் கட்டும் வியாபாரத்தை கிண்டல் செய்வதுதான் கவாகாமியின் நோக்கம். 'இதை வாங்கினால் வேலை பாதியாகும்' என்ற விளம்பரத்தை நம்பி, தவணையில் வாங்கி, பரணில் தூங்கும் பொருட்கள் எத்தனை வீடுகளில்! பூனை செருப்பை பார்த்து சிரிப்பவர்கள், நம்ம வீட்டு பரணையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

காசு பார்த்தது யார்?

அதே புத்தகத்தில், குச்சி முனையில் கேமராவை மாட்டி தன்னைத்தானே படம் எடுக்கும் பொருளும் இருந்தது. ஜோக்காகத்தான் போட்டார்கள். 2014ல் 'டைம்' பத்திரிகை, அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் செல்பி ஸ்டிக்கை சேர்த்தது! நம்ம ஊர் பிளாட்பாரக் கடை வரைக்கும் அது வந்தது. கவாகாமியோ விதிப்படி எதையும் விற்கவில்லை. காசு பார்த்தது வேறு ஆட்கள்.

செல்பி குச்சிக்கு மனுஷன் மயங்கி விட்டான். செருப்புக்கு பூனை மயங்கணுமே! அதுவரைக்கும் துடைப்பம் நம்ம கையிலதான்.