இணையதளத்துக்கு எதற்குத் தண்ணீர்?

நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். ஓர் அறக்கட்டளை தன் இணையதளத்தைப் புதுப்பிக்க விட்டிருந்த டெண்டரைக் காட்டினார். 84 பக்கம். 61-ஆம் பக்கத்தில் ஒரு நிபந்தனை: கான்கிரீட்டை நனைக்கத் தேவையான தண்ணீரை ஒப்பந்ததாரரே தம் செலவில் கொண்டுவர வேண்டும்.

நடந்ததை ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. எப்போதோ கட்டடம் கட்ட விட்ட டெண்டரைத் திறந்து, தலைப்பை மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். இணையதளம் யாருக்கு, அதில் என்ன நடக்க வேண்டும், பிறகு யார் பராமரிப்பது என்பதற்கெல்லாம் அரைப் பக்கம்தான்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது, பாதி பயம். பழைய டெண்டர் ஆடிட்டில் தப்பித்தது. புதிதாக ஒரு வரி எழுதினால், எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். அதனால் நிபந்தனைகள் கூடுமே தவிரக் குறைவதில்லை.

இதைவிடப் பொல்லாதது விவரக்குறிப்பு. மேசைக்கு ‘நீளம் 1,197 மி.மீ.’ என்று கேட்டால், 1,200 மி.மீ. மேசை செய்பவர் வெளியே நிற்க வேண்டியதுதான். யாருடைய கேட்லாக்கைப் பார்த்து எழுதினார்கள் என்பதை, தொழிலில் இருப்பவர்கள் அந்த மூன்று மில்லிமீட்டரிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாமே கமிஷன் விவகாரம் என்று நான் சொல்லமாட்டேன். விற்பனைப் பிரதிநிதி தந்த தாளை அப்படியே ஒட்டியதும் உண்டு. எப்படியானாலும் போட்டிக்கு ஒரே ஒருவர்தான் மிஞ்சுவார். இரண்டு பேர் உட்கார்ந்து எழுத வேண்டும், இந்தக் கதவுக்குள் நுழைய வேண்டும், இத்தனை கிலோ தாங்க வேண்டும் என்று தேவையை எழுதியிருந்தால் ஊர்த் தச்சரும் விலை போட்டிருப்பார்.

அரசுத் தரப்பில் விதி இல்லாமலில்லை. வேண்டாத அம்சங்களை விவரக்குறிப்பில் திணிக்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 144-ஆம் விதி. கட்டுமானப் பணிகளில் முன்தகுதிக்கு என்ன கேட்கலாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-லேயே கணக்குச் சொன்னது: ஆண்டுச் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டுத் தொகையில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும், முன்பு முடித்த அதே மாதிரி வேலை மூன்று என்றால் தலா 40, இரண்டு என்றால் 50, ஒன்றே என்றால் 80 சதவீதம். ஆளை ஒதுக்காமல் தகுதி பார்க்க இப்படியொரு விகிதம் இருந்தால் போதும். ஐந்து லட்ச ரூபாய் வேலைக்கு ஐந்து கோடி விற்றுமுதல் கேட்பவர்களுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டலாம்.

சந்தேகம் கேட்கத்தானே ப்ரீ-பிட் கூட்டம் என்று நண்பர் போனார். தண்ணீர் விஷயத்தைக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும்தான். ஒரு வாரம் கழித்து எழுத்தில் பதில் வந்தது: ‘டெண்டர் நிபந்தனைகளின்படி.’

84 பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி அனுப்பினார். விலைப்பட்டியலின் கடைசியில் தண்ணீருக்கென்று ஒரு வரி சேர்த்து, எதிரே ‘இலவசம்’ என்று எழுதினாராம்.