மனநோய் பரம்பரை நோயா?

"அந்த வீட்டில் ஒருவருக்கு மனநோய். அங்கே பெண் எடுக்காதே." இப்படிப் பலர் சொல்கிறார்கள். இது சரியா?

உடல் செல்களால் ஆனது. செல்லுக்குள் மரபணுக்கள் இருக்கின்றன. இவை பாதி தாயிடமிருந்து வரும். பாதி தந்தையிடமிருந்து வரும்.

மனச்சிதைவு ஒரு மனநோய். யாரும் பேசாதபோது குரல் கேட்கும். காரணமின்றிச் சந்தேகம் வரும். ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது வரலாம். தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால், பிள்ளைகள் 100 பேரில் சுமார் 10 பேருக்கு வரலாம். மீதி 90 பேருக்கு வருவதில்லை.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையரைப் பாருங்கள். இருவருக்கும் மரபணுக்கள் ஒன்றே. ஆனால், ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் கட்டாயம் வரும் என்பதில்லை. பாதிப் பேருக்காவது வராமலே போகிறது. அப்படியானால் மரபணு மட்டுமே காரணம் அல்ல. பிரசவச் சிக்கல், சிறு வயதில் பட்ட துன்பம், கஞ்சாப் பழக்கம் ஆகியவையும் சேர்கின்றன.

2022-இல் பல நாட்டு விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தனர். நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டனர். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆகவே, ரத்தத்தைச் சோதித்து "இவருக்கு மனச்சிதைவு வரும்" என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் 2016-இல் இத்தகைய ஆய்வில் இறங்கியது. ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோயோ குடிப்பழக்கமோ உள்ள வீடுகளை அது ஆராய்ந்தது.

மனநோய் பேயால் வருவதில்லை. பாவத்தால் வருவதில்லை. தாயின் வளர்ப்பும் குற்றம் அல்ல. மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். ஆலோசனைக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.