விதியை மாற்றச் சொன்ன எட்டுப் பேர்

ஈப்போவில் வளர்ந்த எனக்கு ஹாக்கி என்றால் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம்தான். 2022-இல் மேற்படிப்புக்காகக் கனடாவின் எட்மண்டன் நகருக்குச் சென்றேன். அங்கே ஹாக்கி என்றால் பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடுவது. ஏப்ரல் மாதம் ஸ்டென்லி கிண்ணச் சுற்றுகள் தொடங்கியதும் எங்கு பார்த்தாலும் எட்மண்டன் ஆயிலர்ஸ் சட்டைகள்தாம்.

2023-இல் எங்கள் வாடகை வீட்டு நண்பர்களையும் வகுப்புத் தோழர்களையும் சேர்த்து, ஒன்பது பேருக்கு ஒரு கணிப்புப் போட்டி நடத்தினேன். தொலைபேசியில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “காசு வச்சி ஆடுறியாடா?”

இல்லை. வெற்றியாளருக்கு என் கைப்பக்குவத்தில் நாசி லெமாக் விருந்து. கடைசியாக வருபவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

லீக்கின் 32 அணிகளில் 16 தகுதி பெறும். ஒவ்வொரு தொடரிலும் முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். நான்கு சுற்றுகளில் மொத்தம் 15 தொடர்கள். அவை அனைத்திலும் யார் வெல்வார் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதித் தந்துவிட வேண்டும். அந்தத் தாளை நிரப்ப 32,768 வழிகள் உண்டு. சரியான கணிப்புக்கு முதல் சுற்றில் 1 புள்ளி, அடுத்து 2, பிறகு 4, இறுதியில் 8. முழுப் புள்ளிகள் 32.

அந்தப் பருவத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் 82 ஆட்டங்களில் 65-ஐ வென்று லீக் வரலாற்றிலேயே புதிய சாதனை படைத்திருந்தது. ஆயிலர்ஸ் ரசிகர்கள்கூட மனத்தை ஒதுக்கிவிட்டு, கிண்ணம் பாஸ்டனுக்கே என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான். கானாவிலிருந்து வந்த வீட்டு நண்பர் மட்டும் ஃபுளோரிடா பாந்தர்ஸ் என்று எழுதினார். காரணம் கேட்டோம். “அந்த ஊரில் குளிர் இல்லை” என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

முதல் சுற்றிலேயே பாஸ்டனும் ஃபுளோரிடாவும் மோதின. 3-1 என முன்னிலையில் இருந்த பாஸ்டன், அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்தில் முடிந்தபோது எங்கள் கூடத்தில் ஒருவர் மட்டுமே துள்ளிக் குதித்தார்.

எங்கள் எட்டுப் பேருக்கும் 1, 2, 4, 8 என்று 15 புள்ளிகள் கைவிட்டுப் போயின. அன்றிரவே புலனக் குழுவில் ஒரு யோசனை வந்தது: இனி ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் கணிக்கலாம், அப்போதுதான் சுவாரஸ்யம் இருக்கும். வாக்கெடுப்பு நடத்தினேன். எட்டுக்கு ஒன்று. பெரும்பான்மை முடிவு என்று அறிவித்துவிட்டு, அட்டவணையையும் திருத்தினேன்.

மறுநாள் காலை சமையலறையில் நண்பர் கேட்டார்: “நான் தோற்றிருந்தால் விதியை மாற்றியிருப்பீர்களா?”

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. போட்டியை நடத்தியவன் நான். விதி மாறினால் பயன் பெறும் எட்டுப் பேரில் ஒருவனும் நானே. வாக்கெடுப்பு என்ற பெயரில் என் தோல்வியை நானே அழித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை குழுவில் எழுதினேன்: “தவறு என்னுடையது. பழைய விதியே தொடரும். மாற்றம் வேண்டுமானால் அடுத்த ஆண்டு, முதல் ஆட்டத்துக்கு முன் பேசுவோம்.” இருவர் விலகிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பல வாரங்கள் என்னுடன் சரியாகப் பேசவே இல்லை. அது வலித்தது.

ஃபுளோரிடா மேலும் இரண்டு தொடர்களை வென்று இறுதிச் சுற்றுவரை சென்று, வேகாஸ் அணியிடம் தோற்றது. கிண்ணம் வேகாஸுக்கு என்று எங்களில் யாருமே எழுதியிருக்கவில்லை. ஆனால் ஃபுளோரிடா தந்த 7 புள்ளிகளால் கானா நண்பரே முதலிடம் பிடித்தார். நாசி லெமாக்கை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாத்திரம் கழுவியது நான்தான்.

உலகக் கிண்ணக் காற்பந்தோ தாமஸ் கிண்ணமோ வரும்போது நீங்களும் நண்பர்களுடன் இப்படிக் கணித்து விளையாடலாம். பணத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். புள்ளிமுறை, இறுதி நேரம், சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி, எல்லாரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். நடத்துபவரும் ஆடுவதாக இருந்தால், அவருடைய கணிப்பு முதலில் எல்லார் பார்வைக்கும் வரட்டும். யார் முன்னிலையில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு எழுதப்படும் விதி, எத்தனை பேர் கை தூக்கினாலும், நியாயமாகாது.

2024-இல் விதித்தாளை முதலிலேயே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். விலகிய இருவரில் ஒருவர் திரும்பி வந்தார். கானா நண்பர் மறுபடியும் ஃபுளோரிடா என்றே எழுதினார். இறுதிச் சுற்றில் ஃபுளோரிடாவை எதிர்த்தது எங்கள் ஆயிலர்ஸ். 0-3 எனப் பின்தங்கி 3-3 வரை போராடி, ஏழாவது ஆட்டத்தில் 2-1 என ஆயிலர்ஸ் தோற்றபோது ஊரே அழுதது.

எங்கள் குழுவும் அழுதது. ஆனால் விதியை மாற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை.