ரூட்டரும் இரண்டு எண்களும்

செப்புக் கம்பி இணைப்புள்ள பள்ளியிலோ அலுவலகத்திலோ, ரூட்டரின் டி.எஸ்.எல். விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் கிட்டாவிடின், பழுது பெரும்பாலும் கம்பியிலன்று. தொலைபேசி நிலையத்துடன் கருவி இணைந்துவிட்டது. தரவு செல்லும் வழி குறிக்கப்படாதிருக்கலாம். அவ்வழியைக் குறிப்பன வி.பி.ஐ., வி.சி.ஐ. எனும் இரண்டு எண்கள். ஏ.டி.எஸ்.எல். இணைப்புகளுக்கு இவற்றை பி.எஸ்.என்.எல். 0, 35 என்றும், டில்லி, மும்பை நகரங்களில் எம்.டி.என்.எல். 0, 32 என்றும் வகுத்தன. ஓர் எண் பிழைத்தாலும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும் இடத்தை எட்டா. ஆதலின் கடவுச்சொல்லை ஐயுறுமுன் எண்களை நோக்குதல் நன்று. பலர் செய்வதுபோல் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தலோ தீங்கே. இருந்த குறிப்புகள் யாவும் அழியும். பி.பி.பி.ஓ.இ. முறை, எல்.எல்.சி. உறை, இவ்விரண்டு எண்கள், பயனர் பெயர் ஆகியவற்றைத் திரையினின்று முன்னரே தாளில் எழுதிக்கொள்ளலாம். கடவுச்சொல் அங்குப் பெரும்பாலும் புள்ளிகளாகவே தோன்றுமாதலால், அதனை இணைப்பு வழங்கியபோது தந்த தாளிலேயே தேடவேண்டும்.